ஏரி எப்படி இருக்கு?

அப்பா வடக்கேயிருந்து எழுதும் கடிதத்தில் முதல் வரி எங்கள் சுகத்தைக் கேட்கும். இரண்டாவது வரி ஏரியைக் கேட்கும். "ஏரி எப்படி இருக்கு? தண்ணி எதுவரைக்கும் நிக்குது?" அம்மாவுக்கு எழுத வராது. பதில் எழுதுவது என் வேலை. அதற்காகவே சனிக்கிழமை சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரைக்குப் போய், கரைக்கல்லில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். "நேத்து ராத்திரி நல்ல மழை. கல்லு முழுசும் முங்கிடுச்சு" என்று நான் எழுதிய இன்லாண்டு கடிதம் ஒன்றை அப்பா கடைசிவரை தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் ஹவில்தார். 1780-இல் தொடங்கிய பழைய படைப்பிரிவு அது. பெங்களூரில் அதன் மையத்தை எம்.இ.ஜி. என்பார்கள். அந்த வீரர்களுக்கு ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் பெயர். வேலூர்ப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து பட்டாளத்துக்கு வந்த அப்பாவுக்கு, மையத்தை ஒட்டி ஒரு கடல்போலத் தண்ணீர் கிடந்தது பெரிய அதிசயமாக இருந்திருக்க வேண்டும். ஊரில் கிணறு வற்றியதைப் பார்த்தவருக்குத்தான் ஏரியின் அருமை தெரியும். ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பாமல், ஏரிக்கு ஐந்து நிமிட நடையில் வாடகைக்கு வீடு பிடித்தார்.

நான் இப்போது சென்னை அயனாவரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். வந்து நான்கு வருடம் ஆகிறது. கண்ட்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ஏறி பெரம்பூரில் இறங்கினேன். என்னை அழைத்து வந்த ரயிலின் பெயர் லால்பாக். அதற்கு முன்பே 1964-இல் இதே தடத்தில் ஓடத் தொடங்கிய ரயிலின் பெயர் பிருந்தாவன். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடுகிற ரயில்களுக்குத் தோட்டங்களின் பெயரைச் சூட்டிய அந்த மனிதர் யாராக இருந்தாலும், அவரை எனக்குப் பிடிக்கும்.

அல்சூர் ஏரிக் காலை எப்படியிருக்கும் என்று சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தால் மூக்கு நுனி சில்லிடும். அப்பா குரங்குக் குல்லாவும் பட்டாளத்துக் கம்பளிச் சட்டையுமாக வாசலில் நிற்பார். "கண்ணு, வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி போயிடணும்" என்பார். கரையில் நின்றால் முதலில் ஏரி தெரியாது. பனிதான் தெரியும். பிறகு நடுவிலிருக்கும் தீவுகளின் மரங்கள் தலை காட்டும். கொக்கும் நீர்க்காகமும் அதிலிருந்து கிளம்பும். அப்புறம்தான் தண்ணீர், யாரோ மெதுவாகப் போர்வையை இழுத்ததுபோல, நம் காலடியிலிருந்து தொடங்கி விரிந்துகொண்டே போகும்.

ஏரியை முழுச் சுற்றாகச் சுற்றிவிட முடியாது. ஒரு பக்கம் ராணுவ நிலம். நாங்கள் போன வழியிலேயே திரும்பி வருவோம். கரையோரச் சாலைக்கு அண்ணாசாமி முதலியார் பெயர். அல்சூர் தெருக்களில் இப்படித் தமிழ்ப் பெயர்கள் நிறைய உண்டு. 'ஹலசூர்' என்றால் பலாமரங்கள் நிறைந்த ஊர் என்று கன்னடக்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் அதை அல்சூர் ஆக்கிக்கொண்டோம். எங்கள் வீட்டுப் பேச்சும் அப்படித்தான். ஏரியை அம்மா 'ஏரி' என்பார்; தெருவில் விளையாடும்போது நான் 'கெரே' என்பேன். இரண்டும் ஒரே தண்ணீர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்பாவுக்கு நடை மட்டும் போதாது, நடைக்கு ஒரு காரணமும் வேண்டும். 1537-இல் கெம்பேகௌடர் கட்டிய ஊர் பெங்களூர். அவர் வம்சத்தார் பெயரால் சொல்லப்படும் நான்கு கோபுரங்கள் ஊரின் நான்கு பக்கமும் நிற்கின்றன. இந்த எல்லையைத் தாண்டி ஊர் வளரக்கூடாது என்பதற்காக வைத்ததாக ஒரு பேச்சு உண்டு. ஒன்று அல்சூர் ஏரிப் பக்கம் எம்.இ.ஜி. நிலத்துக்குள் இருக்கிறது. ஒன்று லால்பாக் பாறைமேல். ஒன்று கெம்பாம்புதி ஏரிக்கரையில். இன்னொன்று மேக்ரி சர்க்கிள் பக்கம். என் பத்தாம் வகுப்பு விடுமுறையில், "நாலையும் நடந்தே போய்ப் பார்த்துடுவோம்" என்று அப்பா கிளம்பினார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தோம். பஸ் ஏறவில்லை. தோளில் தண்ணீர்க் குப்பி, கையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. ஒரு ஊரை எப்படி அறிந்துகொள்வது என்று பிறகு எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

அந்த நான்கில் லால்பாக் ஞாயிறு என்னோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். அப்பா அதன்மேல் வெறும் காலோடு ஏறினார். செருப்பைக் கழற்றச் சொல்லி என்னையும் ஏற வைத்தார். உச்சியில் கோபுரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். கீழே ஏரி, அதைச் சுற்றி மரங்கள், மரங்களுக்கு அப்பால் ஊர். "இந்தக் கல்லு முன்னாடி ஹைதர் அலியே நேத்து வந்தவர்தான்" என்றார் அப்பா.

ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம் அது. திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்தெல்லாம் செடிகளும் விதைகளும் வரவழைத்து வளர்த்தார். இன்று 240 ஏக்கர். லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனத்தில் வைத்துக் கட்டிய கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நட்டார்கள். ஆண்டுக்கு இருமுறை, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி, அதற்குள் மலர்க் கண்காட்சி நடக்கும். அம்மா வருடம் முழுக்க நடைக்கு வரமாட்டார். கண்காட்சிக்கு மட்டும் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புவார். தோட்டத்து ஏரிக்குப் போகும் வழியில் வயதான இலவமரம் ஒன்று. அதன் வேர்கள் ஆள் உயரச் சுவர்களாக நிற்கும். இரண்டு வேர்களுக்கு நடுவே புகுந்துகொண்டால் வெளியே இருப்பவருக்கு நாம் தெரியமாட்டோம். நான் ஒளிந்துகொண்டதும், அப்பா தேடுவதாக நடித்ததும், எனக்குக் கல்யாணமாகி என் மகளை நான் அங்கே தேடியதும் எல்லாம் அதே இரண்டு வேர்களுக்கு நடுவில்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் கூட்டுக்கும் குருமாவுக்கும் போடும் சௌசௌவைப் பல பேர் 'பெங்களூர் கத்திரிக்காய்' என்பார்கள். லால்பாக் தோட்டத்தில் வளர்த்து ஊருக்குப் பரப்பிய காய் அது. 1874 முதல் 1908 வரை தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜான் கேமரான் காலத்தில் அப்படி எத்தனையோ செடிகள் இந்த மண்ணுக்குப் பழகின. அவருக்குப் பின் வந்தவர் ஜெர்மனியில் பிறந்த க்ரும்பீகல். எந்த மாதத்தில் எந்த மரம் பூக்கும் என்று கணக்குப் பார்த்து, ஒரு தெரு பூத்து ஓயும்போது அடுத்த தெரு பூக்கும்படி மரங்களை நடச் சொன்னவர். அதன் பலனை அனுபவித்தவள் நான். தை மாசியில் இளஞ்சிவப்பு டபேபூயா. அதோடு ஒட்டி ஊதா ஜக்கராண்டா. சித்திரையில் மயில்கொன்றை தெருவையே தீப்பிடித்ததுபோல் ஆக்கிவிடும். ஐப்பசிக்கு மேல் மரமல்லி. காலண்டர் பார்க்காமல் தரையைப் பார்த்தே மாதம் சொல்வார் அப்பா. அயனாவரத்தில் தரையைப் பார்த்தால் எனக்கு மாதம் தெரிவதில்லை. இது சென்னையின் குறையல்ல. இந்தத் தரையோடு நான் இன்னும் பழகவில்லை.

காலை நடைக்கு வருகிறவர்களிடம் லால்பாக்கில் காசு வாங்குவதில்லை. நடை முடிந்து வெளியே வந்தால் எம்.டி.ஆர். 1924-இலிருந்து இருக்கும் கடை. மாதம் ஒருமுறை, பென்ஷன் வந்த ஞாயிறு, அங்கே ரவா இட்லி. அப்பா இட்லியைவிட காப்பியை ரசிப்பார். அந்த வரிசையில் நின்ற நேரங்கூட இன்று ஏக்கமாக இருக்கிறது.

கப்பன் பார்க் அப்பாவோடு போன இடமல்ல. நான் தனியாகக் கண்டுகொண்டது. 1870-இல் உருவான பூங்கா. 1927-இல் மன்னர் பெயரை வைத்தார்கள், ஆனால் ஊர் வாயில் கப்பன்தான் நின்றது. அதன் நடுவே செக்கச்செவேலென்று சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். உள்ளே மாநில மைய நூலகம். மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். பக்கத்தில் இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-இல் தொடங்கிய தருமப் பள்ளியில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் படித்தார்கள். ஆசிரியப் பயிற்சி படிக்கும்போது நூலகத்தில் புத்தகம் எடுத்து, மூங்கில் புதர்களுக்குப் பக்கத்துக் கல்பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். மூங்கில் காற்றில் ஒன்றோடொன்று உரசும் சத்தம், கதவு கிறீச்சிடுவதுபோல இருக்கும். யாரோ வருகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்ப்பேன். வேலை கிடைத்த செய்தியையும், என்னைப் பெண் பார்க்க வந்தவருக்குச் சம்மதம் என்ற முடிவையும் அந்தப் பெஞ்சில்தான் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அங்கிருந்து வீட்டுக்கு எம்.ஜி. ரோடு வழியாக நடந்தே வரலாம். மைதானத்தை ஒட்டிய பக்கம் கடைகள் கிடையாது. நீளமாக ஒரு நடைபாதை, மேலே காகிதப்பூக் கொடிகள் பந்தலாக. கல்பாவிய தரையில் ரோஜாநிற இதழ்கள் கிடக்கும். மெட்ரோ வந்தபோது அது போனது. 2011 அக்டோபரில் முதல் ரயில் ஓடியது. அல்சூரிலும் ஸ்டேஷன் வந்தது. எனக்கும் அந்த ரயில் உபயோகமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பந்தலை எடுத்த மாதத்தில் நான் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இழந்தது அது ஒன்றா? மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் அப்பா, "கண்ணு, நாம இப்ப தண்ணிக்குள்ள நிக்கிறோம்" என்பார். தர்மாம்புதி என்ற ஏரி இருந்த இடம் அது. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியதும், ஊருக்குள் இருந்த ஏரிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குடிக்கிற தண்ணீர் வீட்டுக்கே வந்துவிட்டால் ஏரி வெறும் காலியிடமாகிவிடுகிறது. காலியிடம் ஊரில் ரொம்ப நாள் காலியாக இருக்காது.

சம்பங்கி ஏரியில் ஒரு துண்டு மட்டும், ஒரு குளம் அளவுக்கு, மிச்சமிருக்கிறது. மிச்சம் வைத்தது கரகத் திருவிழா. சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படும். அதை எடுப்பவர்கள் திகளர்கள். தோட்டவேலையில் பேர்போனவர்கள், அவர்கள் பேச்சில் தமிழ் கலந்திருக்கும். கரகம் ஊர்வலத்தில் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் போய்வரும். அந்தச் சடங்குக்குத் தண்ணீர் வேண்டும். அதனால் அந்தத் துண்டு பிழைத்தது. சட்டமும் திட்டமும் காப்பாற்றாத தண்ணீரை ஒரு சடங்கு காப்பாற்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

1991 பற்றியும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

அந்த ஆண்டு ஏரிக்குப் பக்கத்தில் திருவள்ளுவர் சிலையை நிறுவினார்கள். எதிர்ப்பு வந்தது. திறக்க முடியவில்லை. சாக்கைப் போட்டு மூடிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காவிரித் தகராறில் ஊர் கொந்தளித்தது. பத்து நாள் நாங்கள் நடைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினோம். பதினோராவது நாள் விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா போய்த் திறந்தார். வெளியே அவரோடு தினமும் நடக்கும் கன்னடக்காரர், தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், அதே மஃப்ளரோடு. "பன்னி ஹவில்தாரே, கெரே காய்த்தா இதெ" என்றார். வாங்க, ஏரி காத்துக்கிட்டிருக்கு. வேறெதுவும் அவர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பெரியவரின் குரலைவிடப் பெரிய ஆறுதலை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை.

மூடிய சிலையைத் தாண்டித்தான் பிறகும் தினமும் நடந்தார்கள். அந்த இடம் வந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்களாம். அப்பா 2003-இல் போய்ச் சேர்ந்தார். சாக்கு அப்போதும் அகலவில்லை. 18 ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்ட் 9-இல் சிலையைத் திறந்தார்கள். அன்று கூட்டம் அதிகம் என்று நான் அம்மாவை அழைத்துப் போகவில்லை. மறு வாரம் விடியற்காலையில் போனோம். அம்மா வள்ளுவரின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "உங்கப்பா பாத்திருந்தா ஒரு சல்யூட் அடிச்சிருப்பாரு" என்றார். மஃப்ளர்க்காரர் அப்போது தடி ஊன்றி நடந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்து, அம்மாவுக்குக் கைகூப்பினார்.

ஏரியும் நாளாக ஆக மெலிந்துகொண்டுதான் இருந்தது. சாக்கடை கலந்தது. ஆகாயத்தாமரை மூடியது. 2016 மார்ச்சில் ஒருநாள் காலை கரைக்குப் போனபோது மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. வெள்ளை வயிறுகள் மேலே தெரிய, தீவு வரைக்கும் பரவிக் கிடந்தன. நடக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. வழக்கமான தூரத்தை முழுக்க நடந்தேன். நோயில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போய்விட்டு, நாற்றம் என்று சொல்லி வாசலோடு திரும்ப முடியுமா?

அம்மாவும் போனபிறகு, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றபிறகு, மகள் கூப்பிட்டாள். வந்துவிட்டேன். அயனாவரத்துக்கு அருகே பட்டாளம் என்று ஒரு பகுதி இருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் "பட்டாளம்! பட்டாளம்!" என்று கூவும்போது திரும்பிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. காலை ஏழு மணிக்கே இங்கே வியர்க்கிறது. குரங்குக் குல்லா பெட்டியில் கிடக்கிறது.

வந்த மாதத்திலேயே மகள், "அம்மா, பக்கத்துல ஜீவா பூங்கா இருக்கு, நடக்கலாம்" என்று கொண்டுபோய் விட்டாள். உள்ளே நுழைந்து நிமிர்ந்தால், எதிரே சர்வக்ஞர். கன்னடத்தின் மூன்றடிப் பாடல்களின் கவி. அங்கே வள்ளுவர் சிலையைத் திறந்த நான்காவது நாள், 2009 ஆகஸ்ட் 13-இல், இங்கே அவருடைய சிலையைத் திறந்தார்கள். செய்தித்தாளில் படித்த விஷயம்தான். ஆனால் அந்தப் பூங்கா என் மகள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நின்றேன். "நமஸ்கார" என்றேன், கன்னடத்தில். பக்கத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பரவாயில்லை.

இப்போது தினமும் அங்கேதான் நடக்கிறேன். பாதை சின்னது. இங்கே முழுச் சுற்று சுற்றலாம். பேரனுக்கு 'கெரே' என்றால் ஏரி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "இங்க கெரே எங்க பாட்டி?" என்று கேட்டான். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அல்சூரில் எங்கள் பழைய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்கிறேன். அவள் பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் கால்வலி எல்லாம் கேட்பேன். ஆனால் முதல் கேள்வி எப்போதும் அப்பாவுடையதுதான். போன ஞாயிறும் கேட்டேன்.

"ஆகாயத்தாமரைய எடுத்துட்டாங்கக்கா. இந்த வாரம் தண்ணி தெரியுது" என்றாள்.